அவரை ஒழிக்க எழுதிய விதிகள்

எங்கள் பாசன சங்கத்தின் விதிப் புத்தகத்தை எழுதியது நான்தான். பதினாறு பக்கம், பச்சை அட்டை. பக்கத்து ஊர்ச் சங்கங்களிலிருந்து நகல் கேட்டு வருகிறார்கள். வருகிறவர்கள் என் பொதுநல அக்கறையை மெச்சிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதினாறு பக்கத்தில் ஒரு வரிகூடப் பொதுநலத்துக்காக எழுதப்பட்டதல்ல. எல்லாமே ஒரே ஒரு மனிதரை ஒழித்துக்கட்ட எழுதியவை. இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எனக்குப் பன்னிரண்டு மரக்கால் விதைப்பாடு வயல் இருக்கிறது. அம்மை வழியில் வந்தது, பட்டா என் பெயரில். கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நான் நாகர்கோவிலில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். காலையில் வயல், பிறகு பஸ், பிறகு ஆபீஸ். சானலிலிருந்து, அதாவது அணைக் கால்வாயிலிருந்து, பிரியும் ஒரு கிளையில் எங்கள் நாற்பது வீட்டு வயலும் வரிசையாகக் கிடக்கின்றன. தண்ணீர் முதலில் ஏறுவது தலைமடை வயலில், கடைசியில் ஏறுவது கடைமடையில். என் வயல் கடைசிக்கு முந்தியது. யாருக்கு என்றைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று ஒரு முறை உண்டு. அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நான் சொல்லும் மனிதர் அந்தச் சங்கத்தின் தலைவர். எத்தனை வருடமாகத் தலைவர் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. தலைமடையில் மூன்று கோட்டை விதைப்பாடு அவருடையது, என் வயலைப் போல் ஐந்து மடங்கு. சலவை வேட்டியில் சேறு பட்டு ஒருவரும் பார்த்ததில்லை. கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவும் முடியாது. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார், ஆஸ்பத்திரிக்குக் கார் அனுப்புவார். அதனாலேயே அவர் கையைப் பார்த்து எல்லோரும் கை தூக்குவார்கள்.

கை தூக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னிப்பூவுக்கு முன்னால் ஒன்று, கும்பப்பூவுக்கு முன்னால் ஒன்று என்று இரண்டு பயிருக்கும் இரண்டு கூட்டம், கோயில் மண்டபத்தில். தலைமடைக்காரர்கள் மண்டபத்தின் மேல் உட்காருவார்கள். கடைமடைக்காரர்கள் படிக்கட்டில். தலைவர் ஒரு தீர்மானத்தைச் சொல்லி, சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்பார். மண்டபத்தின் மேல் உள்ள கைகளை எண்ணுவார். படிக்கட்டில் தூக்கும் கைகள் அவர் கண்ணில் படாது. எதிர்ப்பு உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கும் வழக்கமே எங்கள் ஊரில் கிடையாது. சம்மதம் கேட்டால் போதாதா, எதிர்ப்பை எதற்குக் கிளற வேண்டும் என்பது அவர்கள் நியாயம். இதை ஜனநாயகம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், அதுவும் பெருமையோடு.

மழை பொய்த்த ஒரு வருடம், தை மாதம், அவசரக் கூட்டம் போட்டார்கள். அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது. முறை மாறித் தலைமடைக்கு இரண்டு தடவை தண்ணீர் போனதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். படிக்கட்டில் எழுந்து நின்று கேட்டேன்.

"அண்ணாச்சி, வியாழக்கிழம முறை எங்களுக்குள்ளதுல்லா? உங்க வயலுக்கு எப்பிடிப் போச்சு?"

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் தலைவர் பக்கம் திரும்பின. அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"தங்கச்சி, ஆபீசுல டைப் அடிக்கது வேற, வெள்ளம் பங்கு வைக்கது வேற. இருக்க வெள்ளம் எல்லாத்துக்கும் காணாது. கடைசி பதினோரு வயலுக்க முறைய இந்தத் தடவ நிறுத்தி, மேல உள்ள பயிரையாவது காப்பாத்துவோம். சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க."

தூக்கினார்கள். என் வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரர் தூக்கினார். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் தூக்கினார். நான் தூக்காமல் நின்றதையும் யாரும் எண்ணவில்லை. "பெம்பளையாளுக்க கைய எண்ணுற வழக்கம் இல்ல" என்று ஒருவர் எனக்குப் புத்தி வேறு சொன்னார். தலைவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி, ஊரு சொல்லியாச்சு" என்றார். கூட்டம் முடிந்தது.

நெல் பால் பிடிக்கும் சமயம் அது. அந்தப் பருவத்தில் ஒரு மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் வரும். ஒரு தண்ணீர் போதும், பால் அரிசியாகிவிடும். நான் தினமும் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு மணியை நசுக்கிப் பார்ப்பேன். எட்டாம் நாள் பால் வரவில்லை, வெறும் உமி. என் வயலில் நின்று பார்த்தால் ஒன்பது வயல் தாண்டிப் பச்சை தெரிந்தது. அறுத்து மாட்டுக்குப் போட்டேன். அரிவாளோடு நின்று, தலைமடைப் பக்கம் திரும்பி, அவர் குலத்தையே சபித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுதக் கூடியதல்ல.

கணவர் போனில் சமாதானம் சொன்னார். "சவத்த விட்டுத் தொல. ஒரு பூவு போனா அடுத்த பூவு வரும். ஊரப் பகைக்க முடியுமா?"

"ஊரில்ல, அந்த ஆளு."

"அந்த ஆளுதான ஊரு."

"அதத்தான் நான் மாத்தப் போறேன், பாத்துக்கிடுங்கோ."

கோர்ட்டுக்குப் போக நினைத்தேன். எங்கள் வக்கீல் எல்லாம் கேட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "அவரு எந்த விதிய மீறினாரும்மா?" விதி என்று ஒன்று இருந்தால்தானே மீறுவதற்கு. கூட்டம் கூடியது, கை தூக்கியது, முடிவெடுத்தது. என் பயிரைக் கொன்றதில் ஒரு தப்பும் நடக்கவில்லை. பயிர் போனதைவிட இதுதான் என்னை எரித்தது. ராத்தூக்கம் போனது, பேச்சு குறைந்தது, ஊரில் நல்லது கெட்டது எதற்கும் நான் போகவில்லை.

இரண்டு வருடம் காத்திருந்தேன். சானலைத் தூர்வாரிக் கொடுக்க அரசாங்கம் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், எழுதிய விதிகள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஊரில் இந்த மாதிரிக் காகிதம் தயார் செய்யத் தெரிந்த ஆள் நான் ஒருத்தி. ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு அவரே என் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, சும்மா நாலு பக்கம் அடிச்சுக் குடு. எவன் வாசிக்கப் போறான்?"

"நல்லா அடிச்சுத் தாரேன் அண்ணாச்சி," என்றேன். அன்று அவருக்கு நான் போட்ட காப்பியைப் போல் மனப்பூர்வமாக நான் யாருக்கும் காப்பி போட்டதில்லை.

ஆபீசில் அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் புத்தகம் ஒன்று உண்டு. தலையணை கனம். அதுவரை அதை ஃபைல் பறக்காமல் இருக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பிரித்து வைத்து, அடிப்பதற்குக் கம்பு தேடுகிறவளைப் போல் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் இதை உரிமை, கடமை என்று பாட்டு மாதிரி ஒப்பிக்க வைத்தார்கள். வன்மத்தோடு வாசிக்கும்போதுதான் புரிந்தது. ஆட்சிக்கு அதிகாரம் கொடுக்கும் பக்கங்களுக்கு இணையாக, அந்த அதிகாரத்தை மறிக்கும் பக்கங்களும் இருக்கின்றன. இதைச் செய்யாதே, அதில் கை வைக்காதே, இத்தனை வருடத்துக்கு மேல் நாற்காலியில் உட்காராதே, சட்டம் போடுகிறவனே தீர்ப்பும் சொல்லாதே. எழுதியவர்கள் ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஒருவர் முகத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு ஒரு முகம் தயாராக இருந்தது.

எழுதினேன். தலைவராக யாரும் அடுத்தடுத்து இரண்டு தடவைக்கு மேல் இருக்கக் கூடாது, இதற்கு முன் இருந்ததும் கணக்கில் சேரும். எழுதும்போதே அவர் நாற்காலி காலியாவதைக் கண்டேன். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆணோ பெண்ணோ, மண்டபத்திலோ படிக்கட்டிலோ எங்கே உட்கார்ந்தாலும், அவருடைய கை ஒரு கை. சம்மதம் கேட்ட பிறகு எதிர்ப்பும் கேட்க வேண்டும். முறை அட்டவணையை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். ஒருவர் மேல் குற்றம் வந்தால் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். விசாரிப்பது குலுக்கலில் வரும் மூன்று உறுப்பினர்கள், தலைவர் அதில் தலையிட முடியாது. தண்டனை சானல் தூர்வாரும் வேலை மட்டும், அதையும் கூலிக்கு ஆள் வைக்காமல் குற்றம் செய்தவரே செய்ய வேண்டும். சலவை வேட்டியை மனதில் வைத்து அந்த வரியை இரண்டு தடவை டைப் அடித்துப் பார்த்து ரசித்தேன்.

பதினோராம் விதிதான் என் பயிருக்கானது. ஓர் உறுப்பினரின் தண்ணீர் முறையை, எந்தக் காரணத்துக்காகவும், எத்தனை பேர் கை தூக்கினாலும், நிறுத்தவோ குறைக்கவோ முடியாது. மற்ற விதிகளை மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து மாற்றலாம் என்று எழுதினேன். ஆனால் அந்த ஆளால் மூன்றில் இரண்டு பங்கை என்ன, முழு ஊரையும் திரட்ட முடியும். ஆகவே பன்னிரண்டாவதாக இன்னொன்று சேர்த்தேன். பதினோராம் விதியையும் இந்த விதியையும் மாற்ற சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்ட திருப்தி.

அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். தூர்வாரும் வேலை கிடைக்கும் சந்தோஷத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். அடுத்த தேர்தலில் அவர் பழக்க தோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போக, பதிவாளர் ஆபீசிலிருந்து வந்தவர் புத்தகத்தைக் காட்டி, முடியாது என்றார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்த்துக்கொள்வேன். கடைமடைக்காரர்களும், வயலுக்குச் சொந்தக்காரிகளாக இருந்தும் மண்டபம் ஏறாத பெண்களும் சேர்ந்து என்னைத் தலைவராக்கினார்கள். என் புத்தகத்துக்கு அவர் ஒரு பெயர் வைத்தார், பெம்பளைக்க நோட்டு. டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

போன வருடம் மறுபடி மழை பொய்த்தது. தை மாதம், அட்டவணைப்படி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர். தலைமடை என்று சலுகை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. பந்திக்குப் போகிற வழியில் நான் மடையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சானல் கரையில் திரும்பினேன். பட்டப்பகல். தன் வயல் மடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார், கல்யாண வேட்டியோடு. அன்றைய முறை ஒரு கடைமடைக்காரருடையது. தண்ணீர் இவர் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"பயிரு வாடுதுல்லா, தங்கச்சி," என்றார். குரலில் சிரிப்பு இல்லை. "பால் பிடிக்க நேரம். ஒரு மணிக்கூறு விட்டாப் போதும்."

நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். ஷட்டர், தண்ணீர், அவர், மூன்றும் ஒரே படத்தில். ஷட்டரை இறக்கினேன். கல்யாணப் பந்தியில் பாயசம் ருசித்ததா என்று எனக்கு நினைவில்லை, படம் ருசித்தது. இலை எடுப்பதற்கு முன் வாட்சப்பில் எல்லோருக்கும் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் கூட்டம். இந்த அளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் மேலே. பேச ஆரம்பித்ததும் அவருடைய பழைய ஆட்கள்தான் அதிகம் குதித்தார்கள்.

"அவருக்க முறைய இந்தப் பூவு முடியுற வரைக்கும் வெட்டணும் மைனி. அப்பத்தான் புத்தி வரும்."

"கருகட்டும். உங்க பயிரு கருகல்லியா?"

கருகட்டும் என்ற வார்த்தை எனக்குத் தேனாக இருந்தது. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றேன். தூக்கினார்கள். எதிர் வீட்டுக்காரர் தூக்கினார். பந்தல் போட்டவர் தூக்கினார். அன்று எனக்கு எதிராக எழுந்த அதே கைகள், அதே வாட்ச், அதே மோதிரம். மனதுக்குள் எண்ணினேன், முப்பதுக்கு மேல். எதிர்ப்பு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. எழுந்து நின்று, அவர் கண்ணைப் பார்த்து, எத்தனையோ நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொன்னேன். "செரி அண்ணாச்சி, ஊரு சொல்லியாச்சு."

அவர் மெதுவாக எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"பதினோராம் விதிய வாசிக்கட்டுமா?"

என் வாக்கியத்தை என் எதிரி வாசித்தார். எழுத்துக் கூட்டுகிறவரைப் போல் நிறுத்தி நிறுத்தி, எந்தக் காரணத்துக்காகவும், எத்தனை பேர் கை தூக்கினாலும். எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஆத்திரம்தான் வந்தது, என் வீட்டு நாய் என்னையே கடித்த மாதிரி.

"விதிய மாத்து மைனி! மூணுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கோம்லா?" என்று ஒருவர் கத்தினார்.

"பன்னெண்டையும் வாசியும்," என்றேன் நானே. அவர் வாசித்தார்.

அந்த நிமிடத்தில் அந்தப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போயிருப்பார், வாய்தா வாங்கி வாங்கி வருடம் ஓடியிருக்கும். நாலு நாளில் பயிர் செத்திருக்கும். காகிதம் தானாக எழுந்து வந்து ஷட்டரைத் தூக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வயலுக்கும் வறட்சிக்கும் நடுவில் அன்றைக்கு இருந்தது நான் ஒருத்திதான், என் மனதில் இருந்ததோ கொலை வெறி. அந்தப் பதினாறு பக்கமும் அவரைப் போன்ற ஆளுக்குப் போடும் கடிவாளம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் நானும் எதிர்ப்பைக் கேட்காமல் கையை எண்ணிவிட்டேனே. அவருக்கு அந்த இடத்துக்கு வர எத்தனையோ வருடம் ஆயிற்று, எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பெருந்தன்மையால் விட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கூட்டத்தைப் பார்த்தேன். இன்றைக்கு இதைக் கிழித்தால் நாளைக்கு இதே கைகள் எங்கே எழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், கடைசிக்கு முந்திய வயலில்தான். அதைவிட இன்னொரு எண்ணம் சுகமாக இருந்தது. பெம்பளைக்க நோட்டு என்று சிரித்த மனிதர், அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டுதான் இனி பயிர் செய்ய வேண்டும். அவரைக் கொல்வதைவிட இது மேல் என்று என் வன்மமே எனக்குச் சொன்னது.

"தீர்மானம் செல்லாது," என்றேன். "நான் சொன்னதும் செல்லாது. நோட்டீஸ் குடுத்து மூணு பேரு விசாரிக்கட்டும்."

பாதிப் பேர் என்னை ஏசிக்கொண்டே எழுந்து போனார்கள். ஒருவர் என் காதுபடவே, "இதுக்கா இவள நாற்காலில ஏத்தினோம்?" என்றார்.

விசாரணை நடந்தது. படத்தைக் கொடுத்துவிட்டு நான் வெளியே நின்றேன். இரண்டு நாள் சானல் தூர்வார வேண்டும் என்று தீர்ப்பு. கூலிக்கு ஆள் அனுப்பப் பார்த்தார், மூன்று பேரும் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாளும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கரையில் குடை பிடித்து நின்று, முழங்கால் சேற்றில் அவர் மண்வெட்டி பிடிப்பதைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று எந்த விதியும் நான் எழுதவில்லை.

ஆனால் அவருடைய தண்ணீர் முறை அதற்கெல்லாம் முன்பே, கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அவர் மடை ஷட்டருக்குப் பூட்டுப் போட்டிருந்தோம், சாவி தலைவரான என்னிடம். ஆறு மணிக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து வரப்பில் நின்றார். சாவியைக் கொண்டுவருவேனா என்று ராத்திரி முழுக்க விழித்திருந்த முகம். ஷட்டரைத் தூக்கினேன். தண்ணீர் வெடிப்புகளில் இறங்கிச் சத்தம் போட்டது.

அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். "நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன், தங்கச்சி."

"தெரியும் அண்ணாச்சி. அந்த நோட்டு இல்லேன்னா நானும் விட்டிருக்க மாட்டேன்."

அவருக்கு அட்டவணையில் மூன்று மணி நேரம். போனில் மணி பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது என் கை ஷட்டரில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் எந்தப் பயிரும் பிழைக்கவும் போவதில்லை, சாகவும் போவதில்லை. ஆனாலும் இறக்கிவிட வேண்டும் என்று கை துடித்த துடிப்பு இருக்கிறதே, என் பயிர் செத்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படித் துடித்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சரியாக ஒன்பதுக்கு இறக்கினேன்.